பெண் பார்க்க வந்தவர் சுவரைப் பார்த்தார்

காபித் தட்டை நீட்டியபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால், எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. அவர் கை நீளவில்லை. பக்கத்தில் இருந்த அவருடைய அம்மா முழங்கையால் இடித்த பிறகுதான் ஒரு டம்ளரை எடுத்தார். எடுத்தாரே தவிர குடிக்கவில்லை. காபியில் ஆடை படிந்தது.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அன்னவாசலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. அம்மா எனக்கு வாடாமல்லி நிறப் பட்டைக் கட்டிவிட்டிருந்தாள். இடுப்பில் செருகிய ஊசி குத்திக்கொண்டே இருந்தது. கேசரி வாசனையும் மல்லிகை வாசனையும் சேர்ந்து எனக்குத் தலையை வலித்தது.

அதற்கு முன்னால் வந்த ஒரு வீட்டார் நான் உயரம் என்றார்கள். இன்னொரு வீட்டார், ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலையை விட்டுவிடுவேனா என்று கேட்டார்கள். இவர் ஒன்றுமே கேட்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

திடீரென்று அவர் எழுந்தார்.

"உள்ள ஒரு நிமிசம் போய்ப் பாக்கலாங்களா?"

சம்பந்தம் பேசிவிட்ட கருப்பையா மாமா, அம்மாவின் தம்பி, முகம் மலர்ந்துவிட்டார். "அதுக்கென்ன தம்பி! படிச்ச பிள்ளைக, தனியாப் பேசிக்கட்டும். ஏத்தா சுகந்தி, தம்பிய அங்கிட்டுக் கூட்டிட்டுப் போ."

மேற்கு அறை

அங்கிட்டு என்றால் மேற்கு அறை. கூடத்திலிருந்து பார்த்தாலே தெரியும். என் அக்கா கலா தலைப்பிரசவத்துக்கு வந்து, குழந்தையோடு அந்த அறையில்தான் இருந்தாள். நாங்கள் போனபோது அவள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் சேலைத் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

தொட்டிலுக்கு நேர் மேலே, ஜன்னல் தலைக்கு மேலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கான்கிரீட் பரணில், அம்மா எனக்காக வருஷக்கணக்கில் வாங்கிச் சேர்த்த சீர்ப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. பித்தளை அண்டா, தவலை, குத்துவிளக்கு ஜோடி, ஒன்றுக்குள் ஒன்றாக எவர்சில்வர் குண்டான்கள்.

முத்துக்குமார் என்பது அவர் பெயர். கீரனூர்க்காரர். திருச்சியில் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர் என்று மாமா சொல்லியிருந்தார். அறைக்குள் வந்ததும் முதலில் கதவை ஆட்டிப் பார்த்தார்.

"இது சாத்த வருதுங்களா?"

"மழக்காலத்துல உப்பிக்கும். ஆசாரி வந்து ரெண்டு தடவ எழைச்சுக் குடுத்தாரு."

"கதவு உப்பலங்க. நெலை சாஞ்சிருக்கு." ஜன்னல் பக்கம் போய், பரணுக்கு மேலே கையைக் காட்டினார். ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல், படி ஏறுவதுபோல, செங்கல் செங்கலாக வீட்டின் வெளிமூலையை நோக்கி ஏறியது. கீழே முடி அளவு. மேலே போகப் போக விரல் நுனி நுழையும். "இத ஏற்கெனவே பூசியிருக்கீங்க. பூசுன எடத்துலயே திரும்ப விட்டுருக்கு."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, வீடு பாக்க வந்தீங்களா?"

அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். காது சிவந்துபோனது.

"பொண்ணு பாக்கத்தாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தப் பாத்திரத்த எல்லாம் இன்னைக்கே எறக்கிருங்க. கொழந்தைய இந்த ரூம்ல போடாதீங்க. மேல இருக்குற சுவருதான் இந்தப் பரண அமுக்கிப் பிடிச்சிட்டிருக்கு. சுவரு பிடிய விட்டுச்சுன்னா பரண் கீழ சாயும்."

நான் தொட்டிலைப் பார்த்தேன். குழந்தை உதட்டைச் சப்பிக்கொண்டே தூங்கியது.

அப்பா கட்டிய வீடு

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டியவர். இன்ஜின் சத்தம் லேசாக மாறினாலே எதில் கோளாறு என்று சொல்லிவிடுவார். வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் கையில் வந்ததை எல்லாம் போட்டு இந்த வீட்டைக் கட்டினார். காலையில் போனால் பொழுது சாயும் வரை வேலையிடத்தில்தான் நிற்பார். ஒரு மூட்டை சிமெண்டு வீணாகவில்லை. கம்பி திருட்டுப் போகவில்லை. செங்கல்லை ஒன்றோடொன்று தட்டி, மணிச் சத்தம் வந்தால்தான் இறக்கவே விடுவார்.

மனை இருந்தது கண்மாய்க்குக் கீழே, பழைய வாய்க்கால் ஓரத்தில். களிமண் பூமி. நாங்கள் கட்டியது கடும் வறட்சிக் காலம். அஸ்திவாரம் தோண்டியபோது கடப்பாரை எகிறியது. "பாறையாட்டம் இருக்குங்க, இதுக்குமேல எதுக்குத் தோண்டணும்" என்றார் கொத்தனார். அப்பாவுக்கும் அது சரியென்றே பட்டது. அன்றைக்கு அந்த மண்ணைத் தொட்ட யாருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

தண்ணீருக்குத்தான் பெரும் பாடு. பூசிய சுவருக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று அம்மா தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். குடிக்கவே தண்ணீர் வராத நாட்களில் சுவர் காய்ந்துதான் கிடந்தது.

குடிபோன முதல் வருஷமே விரிசல்கள் வந்துவிட்டன. கூடத்துச் சுவர் முழுக்க, வற்றிய குட்டையில் சேறு வெடிப்பதுபோல மெல்லிய கோடுகள். அடுத்து, கூரைத் தளமும் சுவரும் சேரும் இடத்தில் கூடத்தைச் சுற்றி நீளமாக ஒரு கோடு. அதைப் பார்த்துத்தான் அம்மா பயந்தாள். மல்லாந்து படுத்தால் கண்ணெதிரே தெரியும். கூரை தலையில் இறங்கப் போகிறது என்று சொல்லி, கூடத்தில் படுப்பதையே விட்டுவிட்டு எல்லாரும் மேற்கு அறையில் படுக்கப் பழகியிருந்தோம்.

மேற்கு அறை விரிசல் கடைசியாக வந்தது. அப்பா அதைச் சிமெண்டு வைத்து அடைத்து, வண்ணம் பூசினார். ஒரு மழைக்காலம் போனதும் திரும்ப வந்தது. திரும்ப அடைத்தார். அந்த விரிசலைப் பற்றி யாராவது பேசினால் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

மூன்றில் ஒன்று

கூடத்துக்கு வந்ததும் முத்துக்குமார் அப்பாவிடம் நேராகவே சொன்னார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்ல மூணு விதமான வெடிப்பு இருக்கு. இந்தச் செவுத்துல இருக்குற மெல்லிசான கோடெல்லாம் பூச்சு சீக்கிரமாக் காஞ்சதால வந்தது. ஒண்ணும் செய்யாது. மேல கூரையை ஒட்டி ஓடுது பாருங்க, அது வெயில்ல தளம் விரியுது, ராத்திரி சுருங்குது, சுவரு அது கூடவே நகராது. அதான் அந்தக் கோடு. மொட்டமாடியில வெள்ள ஓடு ஒட்டினீங்கன்னா கொறையும். அதுவும் விழாது."

அம்மா அடுப்படி வாசலில் நின்றபடி, "விழாதா?" என்று கேட்டாள். இத்தனை நாள் தூக்கம் கெட்டவள் குரல் அது.

"விழாதும்மா. நீங்க தைரியமா இங்கயே படுக்கலாம். அந்த ரூம்லதான் படுக்கக் கூடாது. மூல கீழ எறங்குது. எங்கயோ தண்ணி போய்க்கிட்டிருக்கு."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"தம்பி, நான் நின்னு கட்டுன வீடு இது. நார்த்தாமலையில ஆயிரம் வருசமாக் கோயிலு நிக்குது. அதுக்கு எந்த இன்ஜினியர் வந்து சொல்லிக் குடுத்தான்?"

முத்துக்குமாரின் அம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, "இவன் எங்க போனாலும் இப்படித்தாங்க. கோயிலுக்குப் போனாக்கூடச் சாமியப் பாக்க மாட்டான், தூணத் தட்டிப் பாப்பான். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். வந்தவர்கள் தகவல் சொல்வதாகச் சொல்லாமலே காரில் ஏறினார்கள். கேசரி அப்படியே இருந்தது.

பாத்திரங்கள் இறங்கின

"பொண்ணு பாக்க வந்தவன் வீட்டுக்கு வெல கொறைக்கிறான்," என்று அப்பா வாசலில் நடந்துகொண்டே இருந்தார். "ஒரு சாமானும் எறக்கக் கூடாது. எறக்குனா அவன் சொன்னத ஒத்துக்கிட்ட மாதிரி."

அக்கா விஷயத்தைக் கேட்டாள், ஈரக் கையைத் துடைத்தாள், தொட்டிலோடு குழந்தையைத் தூக்கிக் கூடத்துக்கு வந்துவிட்டாள். பெற்றவளுக்கு யார் கௌரவமும் தெரியவில்லை.

நான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். கோபம் முத்துக்குமார் மேல்தான் இருந்தது. ஆனால் லேபில் தினமும் பார்க்கிறேனே: காய்ச்சலை மட்டும் இறக்கிவிட்டு, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் விட்டவர்கள் திரும்ப எந்த நிலைமையில் வருகிறார்கள் என்று. பூசிய இடத்திலேயே திரும்ப விட்டிருக்கிறது என்று அவர் சொன்ன வாக்கியம் என்னை விடவில்லை.

ஒவ்வொன்றாக அம்மாவிடம் கொடுத்தேன். அண்டாவை இறக்க முடியாமல் நான் தள்ளாடியபோது, பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து தாங்கின. அப்பா. முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கிக் கீழே வைத்தார்.

"ஒனக்குக் கால் வழுக்கிறப் போகுதேன்னுதான்" என்றார்.

ஒரு மத்தியான மழை

ஆவணி முடிகிற சமயம் ஒரு நாள் மத்தியானம், வெளிச்சம் இருக்கும்போதே மழை கொட்டியது. எனக்கு அன்று விடுப்பு. கூடத்தில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். அப்பா குழந்தையைத் தோளில் போட்டு, பேருந்து ஓட்டுவதுபோல வாயால் சத்தம் கொடுத்துத் தூங்கப்பண்ணிக்கொண்டிருந்தார்.

முதலில் சாக்குக் கிழிவதுபோல ஒரு சத்தம். பிறகு தரை அதிர்ந்தது. மேற்கு அறைக் கதவிடுக்கு வழியே சிவப்புத் தூசி கூடத்துக்குள் வந்தது.

அப்பாதான் கதவைத் திறக்கப் போனார். திறக்க வரவில்லை. குழந்தை இல்லாத தோளால் முட்டித் தள்ளினார். பரணுக்கு மேலிருந்த செங்கற்கள் ஒரு கூடை அளவுக்குப் பெயர்ந்து, தொட்டில் தொங்கிய இடத்தில் குவிந்து கிடந்தன. பரண் ஒரு பக்கம் ஒரு சாண் தொங்கிவிட்டிருந்தது. சுவரில் விட்ட இடைவெளி வழியாக மழையும் பக்கத்து வீட்டு முருங்கையும் தெரிந்தன.

அக்கா ஓடிவந்து அப்பாவின் தோளிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். அது தூக்கம் கலைந்த எரிச்சலில் வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் எங்களுக்கு மூச்சே வந்தது. அம்மா குழந்தையின் கால், கை, தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள், சுவர் விழுந்தபோது அது அந்த அறைக்குள் இல்லை என்று தெரிந்தும்.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். சட்டை முழுக்கச் சிவப்புத் தூசி.

"பிரேக் பிடிக்காத வண்டிய ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்டி," என்றார் அம்மாவிடம். "பிள்ளகுட்டிய எல்லாம் ஏத்திக்கிட்டு."

சிறிது நேரம் கழித்து, கருப்பையா மாமாவுக்குப் போன் போட்டு முத்துக்குமாரின் எண்ணைக் கேட்டார். நாங்கள் பார்க்க அவரே பேசினார். "தம்பி, நான் அன்னவாசல் தங்கவேல் பேசுறேன். நீங்க சொன்னது நடந்துருச்சு. இல்ல, இல்ல, யாருக்கும் ஒண்ணுமில்ல. பிள்ள நல்லா இருக்கு. எல்லாரும் நல்லா இருக்கோம்." அதோடு போனை என்னிடம் நீட்டினார்.

நான் காதில் வைத்தேன். அந்தப் பக்கமிருந்து, "கொழந்த அழுகுற சத்தம் கேக்குதுங்க," என்றார் அவர். "அது போதும்."

மண்ணுக்குக் கீழே

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். கூடவே இரும்பு முட்டுகளை ஏற்றிய ஒரு சின்ன வண்டி. முதல் வேலையாகப் பரணுக்கும் சுவருக்கும் முட்டுக் கொடுத்தார்கள். பிறகுதான் வெளிமூலையில் தோண்டினார்கள்.

முழங்கால் ஆழத்தில் கறுப்புத் தண்ணீர் ஊறியது. குளியலறைத் தண்ணீர் போகும் குழாய் இணைப்பில் விட்டிருந்தது. குளித்தது, துவைத்தது எல்லாம் வருஷக்கணக்கில் அஸ்திவாரத்துக்கு அடியிலேயே இறங்கியிருக்கிறது. மொட்டைமாடி மழைத் தண்ணீர்க் குழாயும் அதே மூலையில்தான் வந்து கொட்டியது. கடப்பாரையை எகிற வைத்த மண், அங்கே பிசைந்த மாவாகக் கிடந்தது.

முத்துக்குமார் ஒரு பிடி அள்ளி அப்பாவின் கையில் வைத்தார்.

"நார்த்தாமலக் கோயிலு பாறமேல நிக்குது சார். நம்ம வீடு இதுமேல நிக்குது. காஞ்சா கல்லு, நனைஞ்சா களி. அந்த வறட்சியில நான் தோண்டியிருந்தாலும் ஏமாந்திருப்பேன்."

அப்பா அந்த மண்ணை விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார்.

வேலை வாரக்கணக்கில் நடந்தது. மூலையை மொத்தமாகத் தோண்டினால் வீடு உட்கார்ந்துவிடும் என்று, ஒரு துண்டு தோண்டி, கெட்டி மண் வரும் வரை இறங்கி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகே அடுத்த துண்டைத் தொட்டார்கள். குழாயை மாற்றினார்கள். மாடித் தண்ணீரைத் தூரமாகத் தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோனார்கள். விழுந்த இடத்தைக் கட்டி, விரிசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து, துணியைத் தைப்பதுபோலச் சுவரைத் தைத்தார்கள். வீட்டைச் சுற்றி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவாகச் சிமெண்டுத் தளம் போட்டார்கள். இந்த முறை தண்ணீர் விடும் பொறுப்பை அப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பூசுவதற்கு முன் முத்துக்குமார் ஒரு காரியம் செய்தார். பழைய விரிசல் ஓடிய இடத்தில், குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் ஒட்டினார்.

"மூல இன்னும் எறங்குச்சுன்னா இது ஒடஞ்சிரும். ஐப்பசி மழ முடியட்டும். அது வரைக்கும் பூச வேணாம்."

அவர் பேசாத விஷயம்

ஞாயிறுதோறும் வந்தார். வேலையைப் பார்த்தார், அப்பாவோடு பேசினார், குழந்தையைக் கொஞ்சினார். கல்யாணத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

காரணம் மாமா வழியாகத் தெரிந்தது. முத்துக்குமாருடைய பெரியப்பா, பெண் பார்த்த வீட்டில் சுவர் விழுந்தது சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டாராம். எங்கள் பக்கத்திலும் அப்படி முணுமுணுக்க ஆள் இருந்தது. அம்மா சுருங்கிப்போனாள்.

நான் வேலையிலிருந்து வந்ததும் குழியோரம் போய் நிற்பேன். ஒரு ஞாயிறு, கான்கிரீட்டைச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்த முத்துக்குமார், "நீங்க அன்னிக்கே பாத்திரத்த எறக்கிட்டீங்கன்னு உங்க அக்கா சொன்னாங்க" என்றார்.

"ஆமா."

"பொதுவா யாரும் கேக்க மாட்டாங்க. நான் சொன்னா, சொன்னவன்மேலதான் கோவம் வரும்."

"எனக்கும் வந்துச்சு. கோவத்தோடதான் எறக்கினேன்."

அவர் சிரித்தார். பல் வரிசை நன்றாக இருந்தது என்பதை அன்றுதான் கவனித்தேன். அதன் பிறகு சனிக்கிழமைகள் மெதுவாக நகர்ந்தன.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. ஒவ்வொரு மழைக்கும் நாங்கள் வரிசையாகப் போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வருவோம். அம்மா அதற்குக் குங்குமம் வைக்காத குறை. கார்த்திகை பிறந்து வானம் வெளுத்தபோதும் அது கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. முத்துக்குமார் விரலால் தட்டிப் பார்த்து, "அசையல சார். பூசிரலாம்" என்றார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுது முடித்தாள். பிறகு எழுந்து எல்லாருக்கும் காபி போடப் போனாள்.

பூச்சு முடிந்த ஞாயிறு. முட்டுகளை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அவர் கை கால் கழுவிவிட்டுக் கிளம்பத் தயாராக நின்றார். அப்பா வாசலை மறித்தாற்போல நின்றுகொண்டு கேட்டார்.

"வீட்டு வேல முடிஞ்சிருச்சு தம்பி. நீங்க மொத மொத வந்த வேல என்னாச்சு?"

முத்துக்குமார் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே திரும்பத் துடைத்தார்.

"பெரியப்பா சகுனம்னு ஒண்ணு சொன்னாரு சார். அம்மா அவர்கிட்ட, எம்மகன் போன நேரம் ஒரு பிள்ள தப்பிச்சிருக்கு, இதவிட நல்ல சகுனம் வேறென்ன வேணும்னு கேட்டுட்டாங்க. அவரும் பேசாம இருந்துட்டாரு. எனக்குச் சம்மதம். ஆனா அவங்கள யாரும் கேக்கலயே சார். அன்னிக்குக் காபி குடுத்தப்ப நான் அவங்கள ஏறிட்டே பாக்கல. அந்தக் கோவம் இருக்கும்ல?"

அப்பா உள்ளே திரும்பினார். "ஏத்தா, இருக்கா?"

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். காபித் தூள் கையோடு.

"இருக்குப்பா," என்றேன். "ஆனா சம்மதம்."

அப்பா சிரித்தார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. அதில் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பிக்க, இப்போதுதான் தூங்க வைத்தேன் என்று அக்கா உள்ளேயிருந்து எங்கள் எல்லாரையும் திட்டினாள்.